பாலைவனத்து மீனும் ஒரு செம்பு வாஷரும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்காவோட நெவாடா பாலைவனத்துல ஒரே ஒரு பாறைக்குழியில மட்டும் வாழுற டெவில்ஸ் ஹோல் பப்ஃபிஷ் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். 2024 வசந்த கால கணக்குல 191 இருந்த மீன் 2025 வசந்தத்துல வெறும் 38 ஆகிடுச்சுன்னு. அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கல. அதனால இந்த தடவை முழுக்க பாலைவன மீன்தான், மத்த கேள்விகள் எல்லாம் அடுத்த இதழ்ல.

கேள்வி (பள்ளி ஆசிரியை, விருதுநகர்): பாலைவனத்துல மீன்னு வகுப்புல சொன்னதும் பசங்க நம்பவே இல்ல சார். அது எப்படி அங்க போச்சு?

மீன் எங்கயும் போகல டீச்சர், அதை சுத்தி இருந்த தண்ணிதான் காணாம போச்சு. பனியுகத்துல அந்தப் பக்கம் நல்ல மழை, இன்னைக்கு டெத் வேலின்னு சொல்ற பள்ளத்தாக்குல பெரிய ஏரியே இருந்துச்சு, மேன்லி ஏரின்னு பேர் வச்சிருக்காங்க. ஆறும் ஏரியும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கிடந்த காலம் அது. அப்புறம் பூமி சூடாகி ஏரி வத்தி ஆறு மண்ணுக்குள்ள போயிடுச்சு, ஊத்து இருக்கிற இடத்துல மட்டும் கொஞ்சம் கொஞ்சம் தண்ணி நின்னுச்சு, அந்தந்த ஊத்துல மாட்டின மீன் அங்கயே முட்டை போட்டு குஞ்சு பொரிச்சு தலைமுறை தலைமுறையா தனித்தனி இனமாவே மாறிடுச்சு. 1913ல 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான ஊர் டீச்சர் அந்த டெத் வேலி, உலகத்துலயே அதிகம்னு இன்னும் அதைத்தான் சொல்றாங்க. அதுக்குப் பக்கத்துலதான் ஆஷ் மெடோஸ்னு ஒரு ஊத்துக்காடு, உலகத்துல வேற எங்கயும் இல்லாத செடி, நத்தை, பூச்சி, மீன்னு இருபதுக்கு மேல அங்க இருக்கு. மலையில எப்பவோ பெய்ஞ்ச மழை ஆயிரக்கணக்கான வருஷம் சுண்ணாம்புப் பாறைக்குள்ள நடந்து வந்து அங்க ஊத்தா வெளிய வருது.

டெவில்ஸ் ஹோல் அந்தக் கூட்டத்துல ஒண்ணு. வாய் 10 அடி அகலம், 60 அடிக்கு மேல நீளம், ஆழம் 130 மீட்டருக்கும் மேல, அடியை இதுவரை யாரும் பார்த்ததில்ல. தண்ணி வருஷம் முழுக்க 33, 34 டிகிரி சூடு. ஆக்சிஜன் ரொம்ப கம்மி, குளிர்காலத்துல ரெண்டு மாசம் போல வெயிலே நேரா தண்ணில விழாது. இதுக்குள்ள ஒரு இன்ச் நீளத்துக்கு நீல நிற மீன், வயித்துப் பக்கத் துடுப்பு கூட கிடையாது. பசங்ககிட்ட இதை சொல்லிப் பாருங்க, சத்தியமா கேப்பாங்க.

கேள்வி (கல்லூரி மாணவர், விலங்கியல், பாளையங்கோட்டை): அடி தெரியாத குழியில ஒரு இன்ச் மீனை எப்படி அண்ணா எண்ணுறாங்க? 38ன்னு அவ்வளவு துல்லியமா சொல்றாங்களே?

தம்பி, இது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், கொஞ்சம் நீளமா சொல்றேன். 1972ல இருந்து தொடர்ந்து எண்ணிட்டு இருக்காங்க. இப்ப தேசியப் பூங்கா துறை, மத்திய மீன் வனவிலங்கு துறை, நெவாடா மாநில வனவிலங்கு துறை மூணு பேரும் சேர்ந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை, வசந்தத்துல ஒண்ணு இலையுதிர் காலத்துல ஒண்ணு. ஸ்கூபா டைவர்கள் கிட்டத்தட்ட 100 அடி ஆழம் வரை இறங்கி அங்க இருந்து டார்ச்சை வச்சுகிட்டு மெதுவா மேல வந்துகிட்டே ஒவ்வொரு ஆழத்துலயும் எத்தனைன்னு எண்ணி எழுதிட்டு வருவாங்க, அதே நேரத்துல மேல இன்னொரு குழு குழியோட ஒரு ஓரத்துல இருக்கிற பாறைத்திட்டு மேல எத்தனை மீன்னு குனிஞ்சு பார்த்து எண்ணும். ஒரு தடவையோட விடுறதில்ல, திரும்ப திரும்ப இறங்குவாங்க.

அந்தப் பாறைத்திட்டை நல்லா மனசுல வச்சுக்கோ தம்பி. ஒரு சின்ன ரூம் அளவுதான் இருக்கும், அதுக்கு மேல முழங்கால் ஆழத்துக்கு தண்ணி நிக்கும், அங்க மட்டும்தான் வெயில் பட்டு பாசி வளரும், அந்தப் பாசிதான் சாப்பாடு, முட்டை போடுறதும் அங்கதான். மொத்த இனத்தோட உயிரும் அந்த ஒரு திட்டுல தொங்குது. அதனால மீனை மட்டும் எண்ணினா போதாது, தண்ணி மட்டம், சூடு, ஆக்சிஜன், பாசி எவ்வளவு இருக்கு, அதுல இருக்கிற குட்டிப் பூச்சிகள் எவ்வளவு, எல்லாத்தையும் சேர்த்துதான் பதிவு பண்றாங்க.

வசந்தத்துல எண்ணிக்கை குறைவாவும் இலையுதிர் காலத்துல கூடவும் இருக்கிறது அந்த மீனுக்கு இயல்பு, குளிர்காலத்துல சாப்பாடு கம்மி இல்லையா. அதனால ஒரு வசந்தத்தை இன்னொரு வசந்தத்தோட தான் ஒப்பிடணும், பத்திரிகைல வர்ற தலைப்பை மட்டும் பார்த்துட்டு "ஆறு மாசத்துல பாதியாப் போச்சு"ன்னு பயப்படக்கூடாது. ஆனா 191 எங்க 38 எங்க, இது இயல்பு இல்ல. 2024 டிசம்பர்லயும் 2025 பிப்ரவரியிலயும் வந்த நிலநடுக்கத்துல குழிக்குள்ள தண்ணி அலையடிச்சு பாறைத்திட்டு மேல இருந்த பாசியையும் முட்டையையும் ஆழத்துக்கு அடிச்சிட்டு போயிடுச்சு. ரொம்ப தூரத்துல மெக்ஸிகோல பூமி ஆடினா கூட இங்க அலை வரும், 2012லயும் 2022லயும் வந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், எண்ணுற வேலை மீனையே கொன்னதும் உண்டு. 2004 செப்டம்பர்ல குஞ்சு மீனைப் பிடிச்சுப் பார்க்க வச்சிருந்த பொறிகள் கரையில கிடந்துச்சு, திடீர்னு வந்த காட்டாத்து வெள்ளம் அதையெல்லாம் குழிக்குள்ள தள்ளி கிட்டத்தட்ட 80 மீன் அதுல மாட்டி செத்துப் போச்சு. ஏற்கனவே குறைஞ்சுகிட்டு வந்த இனம் அது. 2013 வசந்தத்துல 35ங்கிற அளவுக்கு இறங்கிடுச்சு. அதனால நீ நாளைக்கு எந்தக் குளத்துல ஆய்வு பண்ணினாலும் வலையை, பொறியை, வாளியை கரையில போட்டுட்டு டீ குடிக்கப் போகாத தம்பி, கையோட எடுத்துட்டு வா.

கேள்வி (வழக்கறிஞர், திருநெல்வேலி): ஒரு இன்ச் மீனுக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்களாமே, அது என்ன வழக்கு?

ஆமா சார், கப்பர்ட் எதிர் அமெரிக்க அரசு, 1976 ஜூன் 7ல தீர்ப்பு. டெவில்ஸ் ஹோலை 1952லயே ஜனாதிபதி ட்ரூமன் டெத் வேலி தேசிய நினைவுச்சின்னத்தோட சேர்த்துட்டார், 40 ஏக்கர், மெயின் பூங்காவோட ஒட்டாம தனியா கிடக்கிற நிலம். அதுக்கு ரெண்டரை மைல் தள்ளி கப்பர்ட் குடும்பத்தோட பண்ணை, 12,000 ஏக்கர். 1968ல அவங்க போர் போட்டு தண்ணி எடுக்க ஆரம்பிச்சாங்க. கீழ ஒரே நீர்த்தாங்கிதான், அங்க உறிஞ்சினா இங்க இறங்கும்.

இங்கதான் நான் எல்லாருக்கும் சொல்ல நினைக்கிற விஷயம் இருக்கு. நிலவியல் ஆய்வு நிறுவனத்து ஆளுங்க 1962ல அந்தக் குழியோட சுவத்துல ஒரு செம்பு வாஷரைப் பதிச்சு வச்சாங்க, நம்ம குழாய்க்குப் போடுற மாதிரி சின்ன வட்டத் தகடு, அதுல இருந்து தண்ணி எவ்வளவு கீழ இருக்குன்னு அளக்குறதுக்கு. யாருக்கு எப்ப உதவும்னு அப்ப யாருக்கும் தெரியாது, போய் அளந்து எழுதிட்டு வந்துகிட்டே இருந்தாங்க, அவ்வளவுதான். 1968 வரைக்கும் தண்ணி வாஷருக்கு 1.2 அடி கீழ நிலையா இருந்துச்சு. 1969ல 2.3 அடி, 1970ல 3.17, 1971ல 3.48, 1972ல 3.93. இந்த நம்பர் எல்லாம் அப்படியே தீர்ப்புல இருக்கு சார், எடுத்துப் படிச்சுப் பாருங்க. வாஷருக்கு 3 அடி கீழ வரைக்கும் தண்ணி நின்னா முன்னாடி சொன்ன பாறைத்திட்டோட பெரும்பகுதி தண்ணிக்குள்ள இருக்கும், அதுக்கும் கீழ இறங்கினா பாறை வெளிய வந்து காய ஆரம்பிக்கும், மீன் முட்டை போட இடம் இல்ல. பத்து வருஷத்து அளவு கையில இருந்ததால தான் போர் போட்டதுக்கும் மீன் குறையுறதுக்கும் இருக்கிற தொடர்பை நீதிமன்றத்துல காட்ட முடிஞ்சுது. நிலத்தை ஒதுக்கும்போதே அதுக்குத் தேவையான தண்ணியும் சேர்த்துத்தான் ஒதுக்கப்பட்டதுன்னு எல்லா நீதிபதிகளும் ஒரே குரல்ல சொன்னாங்க. வாஷருக்கு 2.7 அடி கீழன்னு அப்புறம் வரம்பு வச்சாங்க.

அந்த ஊர்ல அப்ப சண்டை கொஞ்ச நஞ்சம் இல்ல, "பப்ஃபிஷைக் கொல்லு"ன்னு ஒரு கூட்டம் "பப்ஃபிஷைக் காப்பாத்து"ன்னு ஒரு கூட்டம், ரெண்டு பேரும் கார் பம்பர்ல ஸ்டிக்கர் ஒட்டிட்டு சுத்தினாங்க. விவசாயி பக்கமும் எனக்குப் புரியுது, போட்ட காசு போச்சுன்னா யாருக்குத்தான் வலிக்காது. ஆனா பூமிக்கு அடியில இருக்கிற தண்ணிக்கு வேலி கிடையாதுன்னு அந்த வழக்கு தான் பளிச்சுனு காட்டுச்சு. அப்புறம் அதே நிலத்துல ஆயிரக்கணக்கான வீடு கட்டுற பிளானும் வந்துச்சு, நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு நிலத்தை வாங்கி அரசுகிட்ட கொடுத்து 1984ல ஆஷ் மெடோஸ் வனவிலங்கு சரணாலயம் ஆச்சு.

கேள்வி (இல்லத்தரசி, கோவை): 38 மீன்தான்னா ஒரு இருபதை எடுத்து வேற தொட்டியில வளர்த்தா பத்திரமா இருக்குமே?

வளர்க்குறாங்கம்மா. 2013ல ஆஷ் மெடோஸ்லயே 3.8 லட்சம் லிட்டர் பிடிக்கிற தொட்டி கட்டினாங்க, அந்தப் பாறைத்திட்டை அப்படியே அச்சு எடுத்த மாதிரி செஞ்சு, மீன் ரொம்பத் தவிக்காம இருக்க சூட்டை மட்டும் கொஞ்சம் குறைச்சு ஆக்சிஜனைக் கூட்டி வச்சு. குழியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா முட்டை எடுத்து வந்து பொரிக்க வச்சு வளர்த்தாங்க, வளர்ந்த மீனை எடுத்தா அங்க இருக்கிறது இன்னும் குறையும் இல்லையா. ஆனா குஞ்சு தங்கவே இல்ல. ராத்திரி கேமரா வச்சுப் பார்த்தா, ஒரு குட்டித் தண்ணி வண்டு, டெவில்ஸ் ஹோல்லயும் இருக்கிறதுதான், தொட்டியில ஏகத்துக்கும் பெருகி முட்டையையும் குஞ்சையும் தின்னுட்டு இருந்திருக்கு. இப்ப வண்டைப் பொறி வச்சுப் பிடிக்கிறதே அங்க ஒரு வழக்கமான வேலை. அந்தத் தொட்டி இருந்ததால தான் 2025ல நிலநடுக்கத்துக்கு அப்புறம் அங்க வளர்ந்த 19 மீனைக் கொண்டுபோய் குழியில விட முடிஞ்சுது.

அதுக்கு முன்னாடி கட்டின தொட்டிகள் சரியா வரலம்மா. ஒண்ணுல பக்கத்து ஊத்து மீன் எப்படியோ உள்ள பூந்து கலந்து கலப்பினமாவே ஆயிடுச்சு. தொட்டி நல்ல துணை, ஆனா குழிக்கு மாற்று இல்ல.

இதுல ஃபில் பிஸ்டர் பத்தி சொல்லாம விட முடியாது. கலிபோர்னியா மாநிலத்து மீன்வளத்துறை ஆள். ஓவன்ஸ் பப்ஃபிஷ்னு ஒண்ணு, அழிஞ்சே போச்சுன்னு நினைச்சு 1964ல திரும்ப கண்டுபிடிச்ச மீன். 1969 ஆகஸ்ட்ல பிஷப் ஊர் பக்கம் ஃபிஷ் ஸ்லூங்கிற சதுப்புல அது இருந்த குட்டை திடீர்னு வத்த ஆரம்பிச்சிருக்கு. இவரும் கூட இருந்தவங்களும் ஓடிப்போய் மிச்ச மீனைப் பிடிச்சு வலைக்கூண்டுல போட்டு கொஞ்சம் தண்ணி ஓடுற இடத்துல வச்சாங்க, மத்தவங்க சாப்பிடப் போயிட்டாங்க, இவர் மட்டும் போகும்போது எதுக்கும் ஒரு தடவை பார்ப்போம்னு திரும்பிப் பார்த்தா கூண்டுக்குள்ள தண்ணி ஓட்டம் பத்தாம மீன் சாக ஆரம்பிச்சிருக்கு. உயிரோட இருந்த 800 மீன் போல ரெண்டு வாளியில போட்டு, இருட்டுல, குண்டும் குழியுமான சதுப்புல ரெண்டு கையிலயும் தூக்கிகிட்டு நடந்தார். அந்த நேரத்துல உலகத்துல இருந்த மொத்த ஓவன்ஸ் பப்ஃபிஷும் அந்த ரெண்டு வாளியில. அவர் கால் தடுக்கியிருந்தா அன்னைக்கே அந்த இனத்தோட கதை முடிஞ்சிருக்கும். அதே வருஷம் இந்த மாதிரி ஆளுங்க சேர்ந்து டெசர்ட் ஃபிஷஸ் கவுன்சில்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, இன்னைக்கும் நடக்குது. 2023 ஜனவரியில 94 வயசுல போய்ச் சேர்ந்தார் பிஸ்டர். எனக்கு அவர்மேல தனி மரியாதை.

கேள்வி (பொறியாளர், துபாய்): குழி, ஊத்து சரி. வறட்சியில பெரிய ஆறுகள்ல இருக்கிற நாட்டு மீனுக்கு என்ன ஆகுது?

ரெண்டு ஆறு சொல்றேன் சார். கொலராடோ ஆத்துல கிராண்ட் கேன்யனுக்குள்ள ஹம்ப்பேக் சப்னு முதுகுல கூனல் வச்ச மீன், லிட்டில் கொலராடோ வந்து சேர்ற இடத்துல தான் அதிகம். பிடிச்சு 12 மில்லிமீட்டர் நீளத்துல ஒரு கண்ணாடிச் சிப்பை உடம்புக்குள்ள ஏத்தி விட்டுடுவாங்க, பேட்டரி கிடையாது, ஆத்துப் படுகையில பதிச்சிருக்கிற ஆன்டெனா மேல அந்த மீன் போனா நம்பர் பதிவாகிடும். எந்த மீன் எத்தனை வருஷம் உயிரோட இருக்கு, எப்ப எங்க போச்சுன்னு கையால தொடாமயே தெரியுது. 2021ல அதை ஒரு படி ஆபத்து குறைஞ்ச பட்டியலுக்கு மாத்தினாங்க. அடுத்த வருஷமே புதுச் சிக்கல். மேல அணை கட்டித் தேக்கின பவல் ஏரியில வறட்சியால தண்ணி ரொம்ப இறங்கிடுச்சு. வழக்கமா டர்பைனுக்கு தண்ணி எடுக்கிற வாய் ஆழத்துல குளிர்ந்த தண்ணியில இருக்கும், மட்டம் இறங்க இறங்க மேல இருந்த சூடான தண்ணி அந்த வாய்கிட்ட வந்துடுச்சு, அதோட வெளியூர் மீனான ஸ்மால்மவுத் பாஸும் வந்து டர்பைன் வழியா உயிரோட கீழ இறங்கிடுச்சு. 2022 கோடையில அணைக்குக் கீழ அதோட குஞ்சுகளைப் பார்த்தாங்க. அது சின்ன மீனை எல்லாம் முழுங்குற ஜாதி. 2024 ஜூலையில இருந்து அணையோட அடிமட்டக் குழாய் வழியா குளிர்ந்த தண்ணியைக் கலந்து விட்டாங்க, சூடு குறைஞ்சா பாஸ் முட்டை போடாது. அந்தக் குழாய் வழியா போற தண்ணியில கரண்ட் எடுக்க முடியாது, அதனால மின்சாரக்காரங்களுக்கு நஷ்டம், அதுல இன்னும் வாக்குவாதம் ஓடுது. குஞ்சு தெரிஞ்ச அன்னைக்கே சத்தம் போட ஆள் இருந்ததால தான் இவ்வளவாவது செய்ய முடிஞ்சுது.

இன்னொண்ணு நியூ மெக்ஸிகோ மாநிலத்துல ரியோ கிராண்டே ஆறு, அதுல சில்வரி மின்னோ. ஒரு காலத்துல மெக்ஸிகோ வளைகுடா வரைக்கும் ஆறு நெடுக இருந்த மீன், இப்ப நடு ஆத்துல ஒரு துண்டுல மட்டும். காட்டுல பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷம்தான் ஆயுசு, அதனால வரிசையா ரெண்டு வருஷம் வெள்ளம் வராட்டி ஆள் காலி. முட்டை தண்ணியில மிதந்து போற வகை, மே மாசத்துல பனி உருகி ஆறு பெருகும்போது சன்னக்கண்ணி வலை வச்சு முட்டையை வாரி குஞ்சு பொரிப்பகத்துக்குக் கொண்டு போறாங்க. 2022 ஜூலையில ஆல்புகெர்க்கி நகரத்துக்குள்ளயே ஆறு காஞ்சு போச்சு, அதுக்கு முன்னாடி 40 வருஷத்துல அப்படி நடந்ததில்ல. காயுற குட்டைகள்ல வலை போட்டு மீனைப் பிடிச்சு ஆக்சிஜன் வச்ச வண்டியில ஏத்தி தண்ணி இருக்கிற இடத்துல விடுறது வருஷா வருஷம் நடக்குது. ஆனா 2020ல வந்த ஒரு ஆய்வு, அப்படி மீட்ட மீன்ல பிழைக்கிறது ரொம்பக் கம்மின்னு காட்டுச்சு, சூடான குட்டையில தவிச்சு ஏற்கனவே நொந்து போன மீன் இல்லையா. படிக்கவே கஷ்டமா இருந்துச்சு, ஆனா இப்படி பின்னாடியே போய் பார்த்து உண்மையைச் சொன்னவங்களுக்கு நன்றி சொல்லணும். அந்த உழைப்பை ஆத்துல தண்ணி நிக்க வைக்கிறதுல போடலாம்னு பேச இப்ப கையில ஆதாரம் இருக்கு.

கேள்வி (ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், திருச்சி): நாங்க சர்வீஸ்ல கொசுவுக்காக கிணறுகள்ல கம்பூசியா மீன் விட்டிருக்கோம். பாலைவன மீனுக்கு அது எதிரின்னு படிச்சேன், உண்மையா?

உண்மைதான் ஐயா, நல்ல நோக்கத்துல உலகம் முழுக்க எல்லாரும் விட்டதுதான். ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து வறண்ட பகுதியில எட்ஜ்பாஸ்டன்னு ஒரு இடம், பூமிக்கு அடியில இருக்கிற பெரிய ஆர்ட்டீசியன் படுகைத் தண்ணி அங்க ஊத்தா கசியுது, சில ஊத்துல ஆழம் விரல் அளவு கூட இருக்காது. 1990ல தான் அங்க ரெட்ஃபின் ப்ளூஐன்னு மூணு சென்டிமீட்டர் மீனைக் கண்டுபிடிச்சாங்க. கம்பூசியா உள்ள வந்த ஊத்துல எல்லாம் அது ஒண்ணொண்ணா காணாம போச்சு. குஞ்சைத் தின்னும், பெரிய மீனோட துடுப்பைக் கடிக்கும், குட்டி போடுற ஜாதிங்கறதால சீக்கிரம் பெருகும். 2008ல புஷ் ஹெரிடேஜ் அமைப்பு அந்த நிலத்தையே வாங்கி, கம்பூசியா இல்லாத ஊத்துக்கு நாட்டு மீனை மாத்தி, சுத்தி தடுப்பு கட்டிப் பார்த்துகிட்டு இருக்கு. மழை வந்து தரை முழுக்க ஒரு இன்ச் தண்ணி ஓடினா போதும், கம்பூசியா அடுத்த ஊத்துக்கு நீந்திப் போயிடும், அதனால ஒவ்வொரு மழைக்கு அப்புறமும் போய்ப் பார்க்கணும்.

மூடின கிணறு, தொட்டிக்குள்ள விட்டது வேற ஐயா. கண்மாய், ஓடை, கோயில் தெப்பம் பக்கம் மட்டும் விட வேண்டாம்னு தெரிஞ்சவங்ககிட்ட சொல்லுங்க. தலை மேல வெள்ளைப் பொட்டு வச்சுகிட்டு தண்ணி மட்டத்துலயே நிக்கிற சின்ன மீன் நம்ம ஓடையிலயே இருக்கு, அதுவும் கொசுப்புழுவை நல்லாவே தின்னும்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவி, கலிபோர்னியா, அம்மாவோட மெயில்ல இருந்து): நாங்க லீவுக்கு டெத் வேலி போறோம் அங்கிள். டெவில்ஸ் ஹோல்ல அந்த மீனைப் பார்க்க முடியுமா?

குழியைப் பார்க்கலாம்மா, மீனைப் பார்க்க முடியாது. சுத்தி உயரமா வேலி, கேமரா எல்லாம் இருக்கு, மேல தள்ளி ஒரு மேடையில நின்னுதான் பார்க்கணும். 2016ல மூணு பேர் ராத்திரி வேலி தாண்டி உள்ள போய் கூத்தடிச்சு ஒரு மீன் செத்து, அதுல ஒருத்தருக்கு ஜெயில் தண்டனையே கிடைச்சுது. ஆனா கவலைப்படாத, ஆஷ் மெடோஸ்லயே கிரிஸ்டல் ஸ்பிரிங், பாயின்ட் ஆஃப் ராக்ஸ்னு ரெண்டு இடத்துல மரப்பாதை போட்டிருக்காங்க, அங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், வேற வகை பப்ஃபிஷ் கூட்டமா ஓடுறதைக் காலடியிலயே பார்க்கலாம். முட்டை போடுற சீசன்ல ஆண் மீன் பளபளன்னு நீலமா மாறி தன்னோட இடத்துக்கு வர்ற மத்த மீனை விரட்டிகிட்டே இருக்கும், ஒரு அரை மணி நேரம் அசையாம நின்னு பாரு. தண்ணியில கால் நனைக்காதீங்க, சாப்பிடறதைப் போடாதீங்க. தொப்பியும் குடிக்கிற தண்ணியும் நிறைய எடுத்துட்டுப் போங்க, பார்த்துட்டு வந்து எனக்கு எழுது.